எஸ்.பி.ஏ. வெட்சர்ட்: முன்னாள் படைவீரர் கம்பெனிக்குச் சான்றிதழ் வாங்கிய கதை

வெட்சர்ட் என்பது, முன்னாள் படைவீரர்களின் கம்பெனிகள் அவர்களுக்கென்று ஒதுக்கிய அரசு ஒப்பந்தங்களில் போட்டியிடச் சான்றிதழ் தரும் சேவை. அமெரிக்கச் சிறுதொழில் நிர்வாகம், அதாவது எஸ்.பி.ஏ., நடத்தும் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை எங்கே குறைகிறது என்று பின்னால் சொல்கிறேன். முதலில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம்: இந்தச் சான்றிதழுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு டாலர்கூடக் கிடையாது. போனில் கூப்பிட்டுப் பணம் கேட்கிறவர் எவ்வளவு அரசாங்கத் தோரணையில் பேசினாலும் அவர் அரசாங்க ஆள் இல்லை.

நான் டெக்ஸஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ஒரு துப்புரவு கம்பெனி நடத்துகிறேன். அலுவலகங்கள், மருத்துவ கிளினிக்குகள் சுத்தம் செய்வது, தரையில் பழைய மெழுகை உரித்துப் புது மெழுகு பூசுவது, கார்ப்பெட் கழுவுவது. ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாணவர் விசாவில் படிக்க வந்தவன், 2010-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தேன். கிரீன் கார்டே இல்லாதவன் எப்படிச் சேர முடிந்தது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். மாவ்னி என்று ஒரு திட்டம் 2009-ல் தொடங்கினார்கள். சட்டப்படி விசாவில் இருக்கும் வெளிநாட்டவர்களில் மருத்துவத் தகுதி உள்ளவர்களையும், ராணுவத்துக்குத் தேவையான மொழிகள் தெரிந்தவர்களையும் நேரடியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. மலையாளம், சிங்களம், இந்தி, உருது எல்லாமே இருந்தன. போனில் தமிழில் பேச வைத்துத் தேர்வு நடத்தினார்கள். அடிப்படைப் பயிற்சி முடிகிற சமயத்திலேயே குடியுரிமை. எனக்கு அது தென் கரோலினாவில், ஃபோர்ட் ஜாக்ஸனில் கிடைத்தது. 2016-ல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த வழியில் வந்த தமிழர்களில் பலர் இப்போது ராணுவத்தை விட்டு வெளியே வந்து தொழில் செய்கிறோம். இதை முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ராணுவத்தில் எனக்குக் கிடங்கு, சப்ளை வேலை. வெளியே வரும்போது ஒரு முழங்கால் கெட்டுப்போயிருந்தது, காதில் ஓயாத இரைச்சல். இரண்டுக்கும் படைவீரர் நலத்துறையான வி.ஏ. சதவீதம் போட்டுக் கொடுத்திருக்கிறது. இந்தச் சதவீதம் சான்றிதழ் விஷயத்தில் மிகவும் முக்கியம், ஏனென்றால் வெட்சர்ட் தருவது இரண்டு வகைச் சான்றிதழ். ஒன்று, முன்னாள் படைவீரருக்குச் சொந்தமான சிறுதொழில். இன்னொன்று, பணியின்போது உடல் பாதிப்பு அடைந்த படைவீரருக்குச் சொந்தமான சிறுதொழில். முதலாவதை வோஸ்பி என்கிறோம். இரண்டாவதை எஸ்.டி. வோஸ்பி என்று வாயில் சுருக்கிச் சொல்வோம். முதல் வகைக்கென்று ஒதுக்கிய ஒப்பந்தங்களை வி.ஏ.வில் மட்டும்தான் பார்க்க முடியும். இரண்டாவது வகைக்கு ராணுவம், விமானப்படை, தேசியப் பூங்காத் துறை என்று மத்திய அரசின் எந்தத் துறையும் ஒதுக்கலாம்.

இப்படி ஒதுக்குவது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் நல்லது. தெரியாமல் விண்ணப்பிக்கிறவர்கள் இதை ஒரு சலுகை அட்டைபோல நினைத்துவிடுகிறார்கள். 1999-ல் வந்த சட்டம், மத்திய அரசு கொடுக்கும் ஒப்பந்தப் பணத்தில் 3 சதவீதமாவது பாதிப்படைந்த படைவீரர்களின் கம்பெனிகளுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2024 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் அதை 5 சதவீதமாக உயர்த்தியது. வி.ஏ.வுக்கு மட்டும் 2006-ல் தனியாக இன்னும் கறாரான ஒரு சட்டம் வந்தது. ஒரு வேலைக்குக் குறைந்தது இரண்டு படைவீரர் கம்பெனிகள் நியாயமான விலையில் போட்டியிடும் என்று அதிகாரி எதிர்பார்க்க முடிந்தால், அந்த வேலையை அவர்களுக்குள்ளேயே போட்டிக்கு விட வேண்டும். ரூல் ஆஃப் டூ என்பது இதைத்தான்.

வி.ஏ. அந்தச் சட்டத்தை எல்லா இடத்திலும் பின்பற்றவில்லை. ஏற்கெனவே விலைப்பட்டியல் போட்டு வைத்திருக்கும் கம்பெனிகளிடம் வாங்கும்போது இது பொருந்தாது என்றது. மேரிலாந்தில் இருந்த கிங்டம்வேர் என்ற சின்ன கம்பெனி அதை எதிர்த்து வழக்குப் போட்டது. மருத்துவமனைகளுக்கான அவசர அறிவிப்புச் சேவை ஒன்று தங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றங்களில் தோற்றார்கள். 2016 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எப்படி வாங்கினாலும் சரி, வி.ஏ. முதலில் படைவீரர் கம்பெனிகள் இருக்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும் என்பது தீர்ப்பு. அந்தக் கம்பெனியை நடத்தியவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு இன்றைக்குக் கிடைக்கும் வேலையில் அவர்கள் பிடிவாதத்துக்கு ஒரு பங்கு உண்டு. அந்த நன்றி எனக்கு எப்போதும் இருக்கிறது.

பாதுகாப்பில்லாமல் பணத்தை ஒதுக்கினால் ஏமாற்றுகிறவர்கள் வந்துவிடுவார்கள். வந்தார்கள். ரென்ட் எ வெட், அதாவது 'வாடகைக்கு ஒரு படைவீரர்' என்று இங்கே அதற்குப் பேரே உண்டு. ஒரு படைவீரரின் பெயரைக் காகிதத்தில் போட்டுவிட்டு, உண்மையில் வேறு யாரோ நடத்துவது. 2009-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. எடுத்துக்காட்டாகப் பத்து கம்பெனிகளை மட்டும் ஆராய்ந்தது. அந்தப் பத்துமே மோசடியாகவோ முறைகேடாகவோ சுமார் 10 கோடி டாலர் ஒப்பந்தங்களைப் பெற்றிருந்தன. வி.ஏ. தன் ஒப்பந்தங்களுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தாலும், மற்ற துறைகளில் "நான் தகுதியானவன்" என்று நாமே கையெழுத்துப் போட்டால் போதும் என்றுதான் பல வருடம் ஓடியது. 2023 ஜனவரி 1 முதல் சரிபார்ப்பு வேலை முழுவதும் எஸ்.பி.ஏ.வுக்கு மாறியது. சுயமாகச் சொல்லிக்கொள்வதற்குக் கடைசி அவகாசம் 2024 டிசம்பர் 22. அதற்குள் விண்ணப்பம் போட்டவர்கள் முடிவு வரும்வரை பழையபடி இருக்கலாம் என்றார்கள். இப்போது சான்றிதழ் இல்லாமல் பாதிப்படைந்த படைவீரர் ஒதுக்கீட்டில் போட்டியிட முடியாது. எங்கள் ஆட்களில் சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இது சரியென்றே படுகிறது. முழங்காலைக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு ஒதுக்கிய பணம், அவன் பெயரை வாடகைக்கு எடுத்தவனுக்குப் போகக் கூடாது.

இனி விண்ணப்பம். அதற்கு முன்னால் அரசுப் பதிவுத் தளமான சாம் டாட் கவ்-ல் கம்பெனியைப் பதிய வேண்டும். அங்கேதான் யூ.இ.ஐ. என்ற 12 எழுத்து அடையாள எண் கிடைக்கும். முன்பு இருந்த டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக 2022 ஏப்ரலில் வந்தது இது. பதிவும் இலவசம், எண்ணும் இலவசம். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கம்பெனியின் பெயரை வருமான வரித்துறையில் எப்படி எழுதியிருக்கிறதோ, புள்ளி, கமா உட்பட அப்படியே எழுதுங்கள். தொழிலுக்கான குறியீட்டு எண்ணையும் அங்கேதான் குறிக்க வேண்டும். எங்கள் துப்புரவுத் தொழிலுக்கு 561720. இந்தக் குறியீட்டில் ஆண்டு வருமானம் சராசரியாக 2 கோடியே 20 லட்சம் டாலர் வரை இருந்தாலும் சிறுதொழில்தான். அதனால் "நாம் சிறியவரா" என்ற கவலை நம்மில் யாருக்கும் இருக்காது.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருப்பார்கள், ராணுவச் சட்டையில் அப்பா பெயர்தான் தைத்திருக்கும். சிலர் குடியுரிமை வாங்கும்போது பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். விடுவிப்புச் சான்றான டிடி-214-ல் ஒரு பெயர், ஓட்டுநர் உரிமத்தில் ஒரு பெயர், கம்பெனிக் காகிதத்தில் இன்னொரு பெயர் என்று இருக்கும். வெட்சர்ட், நம் படைப் பணி விவரத்தையும் பாதிப்புச் சதவீதத்தையும் வி.ஏ. பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பெயர் மாற்றிய உத்தரவை முதலிலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள். வி.ஏ.வில் பெயர் பழையபடி இருந்தால் அதை மாற்றிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

இப்போது மையமான விஷயம். வெட்சர்ட் கேட்கிற காகிதங்கள் நீளமாக இருந்தாலும், எல்லாமே ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: இந்தக் கம்பெனியில் முடிவு எடுப்பது யார்?

குறைந்தது 51 சதவீதம் படைவீரருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அதுவும் நிபந்தனை எதுவும் இல்லாமல், நேரடியாக. உயர்ந்த பதவியில் அவர்தான் இருக்க வேண்டும். அன்றாட நிர்வாகமும் தொலைநோக்கு முடிவுகளும் அவர் கையில் இருக்க வேண்டும். வேறு யாருக்காவது அவரைவிடச் சம்பளம் அதிகம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் பெரும்பாலும் கணவன் மனைவி சேர்ந்துதான் கம்பெனி தொடங்குகிறோம். எங்களுடையதும் அப்படித்தான். எனக்கு 51, மனைவிக்கு 49. கணக்கு வழக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் அவள்தான் பார்க்கிறாள், என்னைவிட நன்றாகவே பார்க்கிறாள். அதில் எந்தத் தடையும் இல்லை. கவனிக்க வேண்டியது ஆபரேட்டிங் அக்ரிமென்ட் என்ற உடன்படிக்கையை.

இணையத்தில் கிடைக்கும் மாதிரி உடன்படிக்கைகளில் பொதுவாக ஒரு வரி இருக்கும்: கடன் வாங்க, பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட, மேலாளரை நீக்க, எல்லாப் பங்குதாரர்களின் சம்மதமும் வேண்டும். கேட்க நியாயமாக இருக்கும். குடும்பத்துக்குள் அப்படித்தானே நடக்கிறோம் என்றும் தோன்றும். ஆனால் 49 சதவீதக்காரர் வேண்டாம் என்று சொன்னால் 51 சதவீதக்காரரால் கடன் வாங்க முடியாது என்றால், கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது? எஸ்.பி.ஏ.வில் எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்த பெண் அதிகாரி இதைத்தான் கேட்டார். எந்தப் பத்தி, எந்த வரி என்று குறிப்பிட்டுக் கேட்டார். நாங்கள் அந்தப் பத்தியைத் திருத்தி, இருவரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். எதற்குமே மற்றவர் சம்மதம் கூடாது என்று விதி சொல்லவில்லை. புதுப் பங்குதாரரைச் சேர்ப்பது, கம்பெனியைக் கலைப்பது, விற்பது, இன்னொன்றோடு இணைப்பது, திவால் அறிவிப்பது போன்ற அசாதாரணமான சில முடிவுகளுக்கு மற்ற பங்குதாரரின் சம்மதத்தை வைத்துக்கொள்ளலாம். என் மனைவியின் உழைப்புக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும். விதி அதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டிருக்கிறது.

டெக்ஸஸில் இன்னொரு சந்தேகம் வரும். திருமணத்துக்குப் பின் சம்பாதித்தது இருவருக்கும் பொது என்பது இந்த மாநிலச் சட்டம். அப்படியென்றால் என் 51-ல் பாதி மனைவிக்கா? கலிஃபோர்னியாவிலும் இதே சட்டம்தான், அங்கிருக்கும் நண்பர்களும் கேட்கிறார்கள். பயப்பட வேண்டாம். சான்றிதழுக்காகச் சொந்தத்தைக் கணக்கிடும்போது இந்தச் சட்டத்தைப் பார்ப்பதில்லை என்று விதியிலேயே இருக்கிறது.

மனைவி கேட்ட கேள்வி வேறு. "உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, மறுநாளே இந்தச் சான்றிதழ் போயிடுமா? இத்தனை பேருக்கு நாம சம்பளம் குடுக்கணுமே?" போகாது. பாதிப்படைந்த படைவீரரின் பங்கு அவர் துணைக்கு வந்தால் தகுதி தொடரும். பாதிப்பு 100 சதவீதமாக இருந்தாலோ, அந்தப் பாதிப்பினாலேயே இறந்தாலோ பத்து ஆண்டுவரை. மற்றபடி மூன்று ஆண்டு. அதற்குள் மறுமணம் செய்தாலோ பங்கை விட்டுக்கொடுத்தாலோ அப்போதே முடிந்துவிடும். இதை வீட்டில் பேசத் தயங்காதீர்கள். உயிலிலும் பங்கு யாருக்கு என்று எழுதி வையுங்கள்.

முழுமையான விண்ணப்பம் கையில் கிடைத்த பிறகு, முடிந்தவரை குறிப்பிட்ட நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. அதில் 'முழுமையான' என்பதைக் கவனியுங்கள். கேட்ட காகிதம் பாதி போய்ச் சேர்ந்தால் நாள் எண்ணவே தொடங்காது. கிடைத்த சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். மறுத்துவிட்டால் 90 நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம், அல்லது மேல்முறையீடு செய்யலாம்.

தரகர்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். சாமில் பதிந்த தகவல்கள் பொதுவில் தெரியும். அதனால் பதிந்த கையோடு போன் அடிக்கத் தொடங்கும், மின்னஞ்சல் வரும், "உங்கள் பதிவு காலாவதியாகிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று. ஒரு தனியார் நிறுவனம் என்னிடம் சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்லி மூவாயிரம் டாலருக்கு மேல் கேட்டது. எடுத்துக் கொடுத்தால் ஒப்பந்தம் உறுதி என்றார்கள். "வெட்டா நீங்கள்? உங்கள் சேவைக்கு நன்றி" என்று தொடங்கிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே கார்டு எண்ணைக் கேட்டார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ராணுவத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்து, கையில் இருக்கும் சேமிப்பை வைத்துத் தொழில் தொடங்குகிற இருபத்தைந்து வயதுப் பையனிடம் இப்படிக் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தை யாராலும் உறுதி சொல்ல முடியாது. உறுதி என்று சொல்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

உதவி வேண்டுமென்றால் இலவசமாகவே இருக்கிறது. பாதுகாப்புத் துறையின் ஏற்பாட்டில் நாடு முழுக்க ஏபெக்ஸ் ஆக்ஸிலரேட்டர் என்ற ஆலோசனை மையங்கள் உண்டு. முன்பு பீ-டேக் என்ற பெயரில் 1980-களிலிருந்து இருந்தவை. பல இடங்களில் பல்கலைக்கழகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அங்கே எனக்கு உதவிய பெண்மணி, விமானப்படையில் ஒப்பந்த அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேசைக்கு அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவர். என் உடன்படிக்கையைச் சிவப்புப் பேனாவோடு படித்தார். அவர் சொன்னதில் மனதில் நின்றது இதுதான்: அதிகாரிக்கு உங்கள் கதை தேவையில்லை, அவர் கோப்பில் வைக்க ஒரு காகிதம் தேவை, அந்தக் காகிதத்தைக் கொடுங்கள். என்னைப் பற்றி நான் எழுதிய மூன்று பக்கத்தை ஒரே பக்கமாக்கினார். அந்த ஒரு பக்கம்தான் கேப்பபிலிட்டி ஸ்டேட்மென்ட். என்ன செய்கிறோம், எத்தனை சதுர அடி, என்ன இயந்திரம், யாருக்குச் செய்தோம், யூ.இ.ஐ. எண், தொழில் குறியீடு, சான்றிதழ். அவ்வளவுதான். எஸ்.பி.ஏ.வின் நிதியில் படைவீரர்களுக்கென்றே வீ-பாக் என்ற மையங்களும் நடக்கின்றன. ராணுவத்தை விட்டு வெளியே வரும் நேரத்தில், தொழில் தொடங்கக் கற்றுத்தர நடத்தும் பூட்ஸ் டு பிசினஸ் வகுப்பையும் தவற விடாதீர்கள்.

சான்றிதழ் வந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. யாரும் நம்மைத் தேடி வர மாட்டார்கள். நான் முதலில் இன்னொரு படைவீரர் கம்பெனிக்குத் துணை ஒப்பந்தக்காரனாகப் போனேன். இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒதுக்கீட்டில் சேவை ஒப்பந்தம் எடுத்தவர், வாங்கும் பணத்தில் பாதிக்கு மேல் வெளியாட்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் துணை ஒப்பந்தக்காரரும் அதே சான்றிதழ் வைத்திருந்தால் அவருக்குக் கொடுப்பது அந்தக் கணக்கில் வராது. அதனால் சான்றிதழ் உள்ளவர்கள் ஒருவரையொருவர் தேடுகிறார்கள். அங்கே செய்த வேலைதான் எங்கள் முன் அனுபவமாகக் காகிதத்தில் ஏறியது.

அடுத்தது, சோர்ஸஸ் சாட் என்று வரும் அறிவிப்புகள். ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் "இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் யார் இருக்கிறீர்கள்" என்று அதிகாரி கேட்கும் விசாரணை அது. வேலை இன்னும் வரவில்லையே என்று பலர் பதில் போடுவதில்லை. ஆனால் கிங்டம்வேர் தீர்ப்பு உயிரோடு இருப்பது அங்கேதான். இரண்டு படைவீரர் கம்பெனிகளாவது பதில் போட்டால்தானே அந்த வேலையை ஒதுக்க அதிகாரிக்குக் காரணம் கிடைக்கும்? நாம் பேசாமல் இருந்தால் அது பெரிய கம்பெனிகளுக்குத் திறந்துவிடப்படும். எங்கள் ஊரைச் சுற்றி வரும் ஒவ்வொரு துப்புரவு விசாரணைக்கும் நான் பதில் போடுகிறேன். வேறு படைவீரர் கம்பெனிக்காரர்களுக்கும் போன் போட்டு, நீங்களும் போடுங்கள் என்பேன். போட்டியாளர்தான், இருந்தாலும் சொல்வேன். அவர் பதில் போடாவிட்டால் எனக்கும் வேலை இல்லை.

அப்படித்தான் ஒரு வெளிநோயாளர் கிளினிக்கின் துப்புரவு ஒப்பந்தம் கிடைத்தது. ஓர் அடிப்படை ஆண்டு, பிறகு அரசு விரும்பினால் ஒவ்வொன்றாக நான்கு ஆண்டு. துப்புரவுத் தொழிலில் வருகிறவர்கள் விலை போடுவதற்கு முன் ஒப்பந்தத்தோடு இணைத்திருக்கும் ஊதியப் பட்டியலைப் படியுங்கள். 1965-ல் வந்த சேவை ஒப்பந்தச் சட்டப்படி, அந்த மாவட்டத்தில் துப்புரவுப் பணியாளருக்கு மணிக்கு எவ்வளவு, உடல்நலச் செலவுக்கு மேற்கொண்டு எவ்வளவு, எந்தெந்த விடுமுறை என்று அதில் இருக்கும். அதற்குக் கீழே கொடுக்க முடியாது. இதனால் எனக்கு நட்டம் என்று நான் நினைத்ததே இல்லை. போட்டிக்கு வருகிற எல்லோருக்கும் அடித்தளம் ஒன்றுதான், பணியாளரின் கூலியைக் குறைத்து யாரும் என்னைத் தோற்கடிக்க முடியாது. எங்களிடம் இரவு ஷிஃப்டில் வேலை செய்கிறவர்கள் தனியார் கட்டடத்தைவிட கிளினிக் வேலையைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். பணம், பில் சரியாக இருந்தால் பொதுவாக 30 நாளுக்குள் வந்துவிடும். ஆனால் முதல் பில் வருவதற்குள் இரண்டு சம்பள நாள் வந்துவிடும், அதற்கான பணத்தைத் தனியாக வைத்திருங்கள்.

இனி அந்த அரை மதிப்பெண். முதல் குறை, நேரம் பற்றிய விதி. அந்தத் தொழிலில் வழக்கமான வேலை நேரத்தில் படைவீரர் கம்பெனியில் வேலை செய்ய முடியவில்லையென்றால், கட்டுப்பாடு அவரிடம் இல்லை என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். நாம்தான் மாற்றி நிரூபிக்க வேண்டும். மோசடியைத் தடுக்க இது தேவை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் தொழிலே இரவில் நடக்கிறது, இதில் வழக்கமான நேரம் எது என்பதே குழப்பம். பகலில் ஒரு சம்பள வேலை, மாலை ஆறுக்கு மேல் சொந்தத் தொழில் என்று தொடங்குகிறவர்கள்தான் இதில் பெரும்பாலோர். அவர்களுக்குத் தெளிவான ஒரு வழி விதியிலேயே எழுதப்பட வேண்டும். அதுவரை, எந்த நேரத்தில் யார் என்ன முடிவு எடுக்கிறார் என்பதைக் கம்பெனியின் வேலை நேரத்தோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது குறைதான் என்னை அதிகம் வருத்துகிறது. உடல் பாதிப்புச் சதவீதம் இல்லாத படைவீரருக்கு வி.ஏ.வுக்கு வெளியே ஒதுக்கீடே கிடையாது. என்னோடு மாவ்னியில் சேர்ந்த ஒருவர் இப்போது டாலஸ் பக்கம் ஏ.சி. பொருத்தும் கம்பெனி வைத்திருக்கிறார். பல வருடம் கனமான பொருள் தூக்கி முதுகு போனவர். ஆனால் வி.ஏ.வில் எதுவும் கேட்கவில்லை. கையும் காலும் இழந்தவர்கள் இருக்கும் இடத்தில் நான் போய் முதுகு வலி என்று சொல்வதா என்கிறார். நம் ஆட்களில் பலருக்கு இந்தக் கூச்சம் இருக்கிறது. அவருக்கு நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். எஸ்.டி. வோஸ்பிக்குக் குறைந்தபட்சச் சதவீதம் எதுவும் கிடையாது. பணியால் வந்த பாதிப்புதான் என்று வி.ஏ. ஒப்புக்கொண்டு 0 சதவீதம் போட்டாலும் தகுதி உண்டு. உதவித்தொகை வேண்டாம் என்றால் வேண்டாம், பாதிப்பைப் பதிவு செய்யுங்கள். உங்கள் கவுன்ட்டியின் படைவீரர் சேவை அதிகாரி இலவசமாக மனு எழுதித் தருவார். பழைய மருத்துவக் குறிப்புகள், கூட வேலை செய்த ஒருவரின் எழுத்துச் சாட்சி, டிடி-214, இவற்றோடு போங்கள். அவர் போன மாதம்தான் மனு போட்டிருக்கிறார். வி.ஏ.வின் முடிவு வந்ததும் வெட்சர்ட் விண்ணப்பத்தில் என் மனைவி அவருக்குக் கூட உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள்.